இறங்காத எண்

“உங்களுக்கு என்னையப் புடிச்சிருக்காங்க?” என்று இராஜகுமாரி கேட்டாள்.

மாத்தளை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருவரையும் விட்டுவிட்டு, இரு வீட்டாரும் அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போயிருந்த நேரம் அது. சிவலிங்கம் பதில் சொல்லவில்லை. தெருவில் மிளகு மூட்டை ஏற்றிய லொறி ஒன்று போயிற்று. அதன் பின்னால் தம்புள்ளை பஸ் போயிற்று. கற்பூரம் விற்கிறவள் வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

“புடிச்சிருக்கு,” என்றான்.

“இதச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?”

“ஒடனே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீங்க. எல்லாரும் சொல்றதத்தான் இவனும் சொல்றான்னு நெனச்சிருப்பீங்க.”

“இப்ப மட்டும் நம்பிட்டேனாக்கும்?”

அதற்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். “நம்புனதாலதான சிரிக்கிறீங்க.”

அது தொண்ணூற்றேழாம் வருஷம். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தம்பி அழகமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். “என்னக்கா இது, மாப்பிள்ளையா, வெளியூருக்குப் போன்ல பேசுற டிரங்கோலா? நாம பேசினது அங்க போயிச் சேந்து பதில் வர்றதுக்குள்ள காது வலிக்குது.” அதிலிருந்து சிவலிங்கத்துக்கு அந்த வீட்டில் டிரங்கோல் மச்சான் என்றே பெயர் நிலைத்தது. அழகமுத்து அவனிடமே பட்டறை வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சிவலிங்கம் கோபித்துக்கொண்டதும் இல்லை. கல்யாணமான புதிதில் இராஜகுமாரிக்கு அந்தத் தாமதம் ரொம்பப் பிடித்திருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவன் நெற்றி சுருங்குவதைப் பார்ப்பதற்காகவே வேண்டாத கேள்விகளைக்கூடக் கேட்பாள்.

பதினோரு வருஷம் கழித்து, தாமதத்தை அளப்பதே தன் வேலையாகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

சிவலிங்கத்தின் பட்டறை பலாபத்வலையில், கண்டி–யாழ்ப்பாணம் வீதியோரம், வீட்டை ஒட்டினாற்போல் இருந்தது. மிளகு உதிர்க்கும் இயந்திரம் செய்வான். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பித்தளை உதிரிப்பாகம் வார்க்க வேண்டுமென்றால், அதற்கு மரத்தில் அச்சு செதுக்கிக் கொடுப்பான். அந்த அச்சைக் கணினியைக் கொண்டு வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அழகமுத்துவின் ஆசை. மச்சானும் மைத்துனனுமாகச் சேர்ந்து இயந்திரத்தின் சட்டத்தையும் அது ஓடும் தண்டவாளத்தையும் செய்து முடித்திருந்தார்கள். மோட்டார் மட்டும்தான் பாக்கி.

அந்த மோட்டாருக்காகத்தான் இரண்டாயிரத்து ஏழு பெப்ரவரியில் இருவரும் தம்புள்ளைக்குப் போனார்கள். பழைய பிரிண்டர்களிலிருந்து கழற்றிய நாலு மோட்டார், வயர் தொங்கும் ஒரு சர்க்கிட் பலகை, எல்லாவற்றையும் சிவலிங்கத்தின் காக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்கள். யுத்த காலம். நாலந்தாவுக்கு வருமுன் குண்டுப் பயத்தால் போட்டிருந்த ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பை அழகமுத்துவின் தோளில் இருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து சிவலிங்கம் சொன்னது இவ்வளவுதான். “பை யாருதுன்னு சிங்களத்துல கேட்டாங்க. என்னுதுன்னு சொல்ல வாயெடுத்தேன் குமாரி. அதுக்குள்ள அவன் என்னுதுன்னுட்டான். என்னைய பஸ்ல ஏறச் சொன்னாங்க. ஏறிட்டேன். நாலந்தாவுல எறங்கித் திரும்ப நடந்து போனேன். அப்பிடி யாரையும் நாங்க புடிக்கலேன்னாங்க.”

அதற்குப் பிறகு அழகமுத்துவை யாரும் பார்க்கவில்லை.

இராஜகுமாரி ஏறாத படியில்லை. கடைசியாகக் கண்டியில் காணாமல் போனவர்கள் பற்றிய முறைப்பாடு எடுக்கும் அலுவலகம் ஒன்றில், கண்ணாடி போட்ட ஒரு சிங்கள நோனா பொறுமையாகக் கேட்டாள். பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர் யார்? கண்டவர் வந்து எழுதிக் கொடுத்தால்தான் இது கைது. இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பி வராத ஒரு ஆள், அவ்வளவுதான். இராஜகுமாரி படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘கண்ணால் கண்டவர்’ என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பஸ் கொண்டக்டர் தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று ஏற்கெனவே கைவிரித்துவிட்டான். கண்டவர் இன்னும் ஒருவர்தான். அவர் வீட்டில் இருந்தார்.

படிவத்தை மடித்துக்கொண்டு திரும்பினாள். எழுதிக் கொடுக்கச் சொல்லி அவனிடம் கேட்கவில்லை.

கேட்க முடியாததற்குக் காரணம் சிவலிங்கத்தின் அக்கா பாலாமணி. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மாத்தளையில் கடைகள் எரிந்தபோது கடைக்குள் இருந்த புருஷனை இழந்தவள். அதன் பிறகு தம்பியை வளர்த்து, பட்டறை வைத்துக் கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தவள். கண்டியிலிருந்து இராஜகுமாரி வந்த அன்றே வாசலில் வைத்துச் சொன்னாள்.

“இந்தா குமாரி, ஒன் மனசுல என்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியும். பை தன்னுதுன்னு தம்பியே போயி எழுதிக் குடுத்தா, அடுத்த நா அவனையும் தேட வேண்டியதுதான். நான் ஒருத்தர குடுத்தாச்சு. இன்னொருத்தன குடுக்க மாட்டேன்.”

“நான் ஒண்ணும் கேக்கலியே அண்ணி.”

“கேக்காம இரு. அதான் சொல்றேன்.”

அவள் கேட்கவில்லை. சிவலிங்கமும் தானாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ‘இப்போது சொல்வான்’ என்று நினைப்பாள். தாமதமாகத்தானே சொல்வான், அவன் சுபாவம் அது. இருபது மாதம் போய்விட்டது.

சாக்குப் போட்டு மூடிக்கிடந்த அந்த இயந்திரத்தைத் திரும்ப எடுக்க வைத்தது ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இலை உருட்டும் மேசைக்குப் பித்தளைப் பட்டைகள் வார்க்க, ஒரே அளவில் பல அச்சு வேண்டும் என்றார்கள். கையால் செய்து மாளாது. கல்யாணத்துக்கு முன் கண்டியில் இரண்டு வருஷம் கணினி படித்த இராஜகுமாரிதான் பட்டறையில் உட்கார வேண்டியதாயிற்று. கொழும்பிலிருந்து வேறு மோட்டார்கள் வந்தன. கை அகலப் பெட்டிக்குள் அடங்கும் ஒரு பழைய சின்னக் கணினி வந்தது. இயந்திரத்தை ஆட்டுவிக்கும் மென்பொருளை யாரோ புண்ணியவான் இலவசமாக ஒரு சிடியில் கொடுத்தான். கூடவே அச்சடித்த முப்பது பக்கக் குறிப்பும் வந்தது.

“வெட்டுறதுக்கு முன்னால கம்ப்யூட்டர அளக்கணுமாம்,” என்றாள்.

“நீளமா அகலமா?” என்று கேட்டாள் பாலாமணி.

“நேரம், அண்ணி. நகருன்னு மோட்டாருக்கு இது சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிஷத்துக்கு லச்சக்கணக்கான தடவ. இதுக்கு நடுவுல வேற வேல வந்து, ஒரு தடவ பிந்திச் சொன்னாலும் மோட்டார் அந்த ஒரு எட்டு வைக்கிறத விட்டுரும். விட்டுட்டேன்னு திரும்பச் சொல்லவும் சொல்லாது. அதுக்கப்புறம் வெட்டுறதெல்லாம் தள்ளித்தான் விழும்.”

திரையில் ஒரு சின்னக் கட்டம். அதில் இரண்டு எண்கள். ஒன்று இந்தக் கணத்துத் தாமதம். அது ஏறும், இறங்கும். மற்றது, அளக்கத் தொடங்கியதிலிருந்து வந்ததிலேயே பெரிய தாமதம். அது ஏறினால் இறங்காது. விநாடியை நூறு கோடிக் கூறாகப் போட்டு எண்ணும் கணக்கு. பெரிய எண் இருபதாயிரத்துக்குள் இருந்தால் நல்ல கணினி. லட்சத்தைத் தாண்டினால் அதை நம்பி இயந்திரத்தைக் கொடுக்கக் கூடாது.

“சராசரி பாக்க வேணாமா?” என்று சிவலிங்கம் கேட்டான்.

“சராசரி எதுக்கு? கோடி தடவ சரியா சொல்லிட்டு ஒரே ஒரு தடவ பிந்தினாப் போதும்.”

அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

அளக்கத் தொடங்கிய அன்று ஆயுத பூசை. பாலாமணி கடைசல் இயந்திரம், துளைபோடும் இயந்திரம், சுத்தியல், உளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கணினிக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள்.

“அண்ணி, இது ஓடிக்கிட்டிருக்கு. ஓட ஓடத்தான் அளக்கணும்.”

“ஓடட்டும், வெளக்கு எரியிற மாதிரி. ஆனா பூசையில வச்சதத் தொடக்கூடாது. நாளைக்கு விஜயதசமிக்கு எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது.”

வருஷா வருஷம் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைப்பது அழகமுத்து. இந்த முறை சிவலிங்கம் உடைத்தான். காய் சரியாகப் பிளக்கவில்லை. பட்டறையைச் சாத்தி, புதுச் சேலையொன்றால் எல்லாவற்றையும் மூடினார்கள். மறுநாள் காலை சேலையை எடுத்துப் பார்த்தபோது பெரிய எண் எட்டாயிரத்து எழுநூறில் நின்றது.

ஒரு பகலும் இரவும் ஓடி எட்டாயிரத்து எழுநூறு. குறிப்பெழுதியவனே இவ்வளவு நல்ல எண்ணைப் பார்த்திருக்க மாட்டான். சிவலிங்கம் சோக்கட்டியால் அந்த எண்ணைச் சுவரில் எழுதினான். அவன் சிரித்து வெகுநாளாயிற்று. பாலாமணி, “சாமி கைவச்ச மிசின்,” என்றாள்.

குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததை இராஜகுமாரி படித்திருந்தாள். அளக்கும்போது கணினியைச் சும்மா விடாதே. படம் ஓட்டு, கட்டங்களைத் திறந்து இழு, எவ்வளவு தொல்லை கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடு. பூசை முடிந்ததும் அப்படி ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“இன்னொரு தடவ அளப்போமாங்க?”

அவன் வழக்கம்போல யோசித்தான். “நல்லாத்தான இருக்கு. இது போதும் குமாரி.”

அவளுக்கும் அது போதும் என்றே பட்டது. அந்த வீட்டில் இருபது மாதமாக ஒரு நல்ல சேதியும் வந்திருக்கவில்லை.

அதே வாரம் தபாலில் கண்டி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இம்மாதக் கடைசியில் கோப்புகள் கொழும்புக்கு அனுப்பப்படும். கண்ணால் கண்டவர் வாக்குமூலம் இல்லாதவை தனியாகக் கட்டி வைக்கப்படும். முறைப்பாடு எடுக்கும் கடைசி நாள், தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. கடிதத்தைப் பழைய படிவத்தோடு சேர்த்து அந்த முப்பது பக்கக் குறிப்புக்குள் வைத்தாள். பாலாமணி கை வைக்காத காகிதம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

முதல் அச்சு வெட்டினார்கள். முதிரை மரப் பலகையில் இயந்திரம் தானாகப் போய்வந்து பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய அழகைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்து நின்றார்கள். இராஜகுமாரி திரையில் வெட்டும் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தாள், அடுத்த அச்சின் வரைபடத்தைத் திறந்து வைத்தாள். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பூச்சுப் பூசி அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், தொழிற்சாலை மெக்கானிக் நல்லையா மோட்டார் சைக்கிளில் வந்து, சாக்கில் சுற்றியிருந்த அச்சை மேசையில் போட்டார்.

“சிவலிங்கம், கையால செஞ்ச காலத்துல ஒங்க அச்சுல ஒரு நூல் பெசகாது. இப்ப கம்ப்யூட்டர் செய்யிதாம். அது என்னா, தண்ணி கிண்ணி போடுமா?”

சிவலிங்கம் அளவுகோலை வைத்துப் பார்த்தான். மூன்றாவது பள்ளத்திலிருந்து எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. ஏழாவதிலிருந்து இன்னும் கொஞ்சம்.

“இத வச்சு ஒம்போது பட்ட வாத்துட்டோம்,” என்றார் நல்லையா. “ஒண்ணும் மேசையில ஒக்காரல. தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும். அடுத்த வெள்ளிக்குள்ள சரியா குடுத்தா வேல ஒங்களுக்கு. இல்லாட்டி கண்டிக்குப் போயிரும். கோவிச்சுக்காதீங்க.”

அவர் போன பிறகு பாலாமணி இராஜகுமாரியைப் பார்த்தாள். “நீ சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அது பாட்டுக்கு வெட்டிக்கிட்டிருக்கு, நீ மவுச இழுத்துக்கிட்டே இருந்த. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“ஆமா அண்ணி. நான் இழுத்ததுதான்.”

“பின்ன?”

“கை வைக்காத வரைக்கும் ஒழுங்கா இருக்கும்னா அது என்ன மிசின்? கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாத்துக்கிட்டிருக்கலாம்.”

பாலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம், தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் வீதியில் சந்தடியில்லை. இராஜகுமாரி அளக்கும் கட்டத்தைத் திரும்பத் திறந்தாள். சிவலிங்கம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பெரிய எண் எட்டாயிரத்துச் சொச்சத்தில் அசையாமல் நின்றது.

“அதேதான வருது,” என்றான்.

“சும்மா கெடக்குல்ல. அதான் அதே வருது. பூசையில அளந்தது பொய்யி. இப்ப தொல்ல குடுத்துப் பாப்போம்.”

ஒரு வரைபடத்தைத் திறந்து கட்டத்தைப் பிடித்து இழுத்தாள். பதினெட்டாயிரம். இன்னும் இரண்டைத் திறந்தாள். நாற்பத்தோராயிரம்.

“படம் ஓட்டணும்,” என்றாள். “படம் ஓட்டினாத்தான் முழுசாத் தெரியும்னு போட்டிருக்கு. படம் எதாச்சும் இருக்கா?”

கேட்டுக்கொண்டே எழுந்து, அலமாரி மேல்தட்டில் துழாவினாள். பட்டறையில் இருந்த ஒரே வீடியோ சிடி, இரண்டாயிரத்து ஐந்தில் கூரை மாற்றிப் பட்டறையைத் திறந்து வைத்தபோது, யட்டவத்தையிலிருந்து வந்த வீடியோக்காரன் எடுத்தது. அது என்னவென்று சிவலிங்கத்துக்குத் தெரியும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதைப் போட்டுவிட்டாள்.

நாதஸ்வரம் கிறீச்சிட்டுக்கொண்டு தொடங்கியது. பாலாமணி குத்துவிளக்கு ஏற்றுகிறாள். நல்லையா கூடக் கூட்டத்தில் நிற்கிறார். அப்புறம் வாசல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கியபடி அழகமுத்து நிற்கிறான். காமிராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான்.

பெரிய எண் ஒரே தாவலில் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்குப் போயிற்று.

“டிரங்கோல் மச்சான், இங்கிட்டு வாங்க,” என்றான் அழகமுத்து சின்னக் கணினிக்குள்ளிருந்து. “கூப்புட்டு எவ்வளவு நேரமாச்சு. காயத் தூக்கின கை வலிக்குதுல்ல.”

கூட்டம் சிரித்தது. சிவலிங்கம் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான்.

“அத நிப்பாட்டு குமாரி.”

“நிப்பாட்டினா நம்பர் நல்லா வரும்.”

“நிப்பாட்டுன்னு சொல்றேன்.”

அவள் நிறுத்தினாள். காயைத் தூக்கிய கையோடு படம் போயிற்று. இந்தக் கணத்து எண் மெல்ல இறங்கி ஐயாயிரம், நாலாயிரம் என்று சாதுவாக நின்றது. பெரிய எண் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்திலேயே இருந்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“தனியா ஒரு வீடியோ கார்டு போட்டா படத்தோட வேலைய அது பாத்துக்கும்னு குறிப்புல போட்டிருக்கே,” என்றான் சிவலிங்கம், சுவரைப் பார்த்துக்கொண்டு. சோக்கட்டியால் எழுதிய எட்டாயிரத்து எழுநூறு இன்னும் அங்கே இருந்தது. “கண்டியில கெடைக்கும். வாங்கிப் போட்டா எறங்கிரும்ல?”

“புதுசா அளந்தா எறங்கும். இனிமே வெட்டுறதெல்லாம் சரியா வரும்.”

“அப்ப சரி.”

“வெட்டுனது?”

கெட்டுப்போன அச்சு மேசையில்தான் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் நெற்றியைத்தான் பார்த்தாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அது சுருங்குவதைப் பார்க்க ஒரு காலத்தில் அவளுக்கு எவ்வளவு ஆசை. இப்போது அந்தச் சுருக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சாவடியும், ஒரு பையும், வாயைத் திறக்கக் காத்திருக்கிற ஒரு மனிதனும்தான் தெரிகிறார்கள். அந்த மனிதனுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறாள். வெறுக்கவும் முடியவில்லை. தம்பி சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவனுக்கு இன்னும் எவ்வளவு நேரம் வேண்டியிருந்திருக்கும் என்று மட்டும் எண்ணிப் பார்க்காத நாளில்லை.

“நீ என்னைய என்னான்னு நெனக்கிறேன்னு எனக்குத் தெரியும்,” என்றான் அவன் கடைசியில். “நான் சொல்லத்தான் இருந்தேன் குமாரி. சத்தியமா சொல்லத்தான் இருந்தேன்.”

“தெரியும்.”

“அவன் அவசரப்பட்டுட்டான்.”

“அவனுக்கு ஒங்களத் தெரியும்ங்க. நீங்க சொல்ல நேரமெடுப்பீங்க, நிக்கிறவங்க அது வரைக்கும் பொறுக்க மாட்டாங்கன்னு தெரியும். அதான் அவன் சொன்னான்.”

உள்ளேயிருந்து பாலாமணியின் குரல் வந்தது. “குமாரி, தேத்தண்ணி ஆறுது. ரெண்டு பேரும் அங்க என்னா பேசிக்கிட்டிருக்கீங்க?”

“வர்றோம் அண்ணி,” என்று இராஜகுமாரி சொன்னாள். எழுந்திருக்கவில்லை.

குறிப்புக் கட்டைப் பிரித்து, கடிதத்தையும் படிவத்தையும் எடுத்தாள். மடித்த இடத்தில் படிவம் நைந்து போயிருந்தது. அதை அளக்கும் கட்டத்துக்குக் கீழே, விசைப்பலகை மேல் விரித்து வைத்தாள். வெற்றாகக் கிடந்த கோட்டின் மேல் பேனாவை வைத்தாள்.

சிவலிங்கம் படித்தான். தலைப்பைப் படித்தான், கடிதத்திலிருந்த திகதியைப் படித்தான். வீட்டுக் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. அவன் சொல்வான் என்று அவள் இந்த முறை காத்திருக்கவில்லை.

“செவ்வாக்கெழம காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு என்கூடக் கண்டிக்கு வாங்க,” என்றாள். “என் கண்ணு முன்னாலதான் அவனக் கூட்டிக்கிட்டுப் போனாங்கன்னும், பை என்னுதுன்னும் ஒங்க கையால எழுதிக் குடுங்க.”